அட்டவணையில் விடுபட்ட எண்

எண்களுள் மிகப் பெரியது எது என்று வினவினால் சிறு பிள்ளையும் நகைக்கும். நாம் எந்த எண்ணைச் சொன்னாலும் அதனோடு ஒன்றைக் கூட்டிவிடலாம் என்பதனை அப்பிள்ளை அறியும். ஆகவே பருமை ஒன்றினால் ஓர் எண்ணுக்குப் பெருமை வந்துவிடுவதில்லை. மனிதருள் உயரமானவர் எல்லாரும் உயர்ந்தோர் ஆகாதது போலவே எண்களுள்ளும் நீளமானவை எல்லாம் சிறந்தவை ஆகமாட்டா. எண்ணின் சிறப்பு அதன் குணத்தில் உள்ளது. எண்ணுக்குக் குணமும் உண்டோ என்று கேட்கும் வாசகர்க்கு, குணம் மாத்திரமன்றிக் குலமும் கோத்திரமும் கூட உண்டு என்று விடை கூறுவோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட எண் இதுதான்: 293,318,625,600. நமது வழக்கிற் சொல்வதாயின் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட இவ்வெண் எவருடைய வங்கிக் கணக்கிலும் இருப்பதன்று. எந்த நாட்டின் சனத்தொகையும் அன்று. உலகம் போற்றும் ஒரு கணித மேதையின் அட்டவணையில் இருந்திருக்கவேண்டி, இல்லாமற் போன எண் இது. அதன் கதையைச் சொல்லுமுன் நமது ஊர்க் காணிக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத கதை ஏது? ஓர் ஏக்கர்க் காணிக்குப் பதினாறு பரப்பு என்பது நம்மவர் யாவரும் அறிந்த கணக்கு. அந்த ஏக்கரைப் பிள்ளைகள் இருவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு எட்டுப் பரப்பு, நால்வருக்காயின் நான்கு, எண்மருக்காயினும் இவ்விரண்டு பரப்பு வரும். ஆனால் பிள்ளைகள் மூவராய்விட்டால் வந்தது சிக்கல்! ஐந்து பரப்பும் ஒரு பரப்பில் மூன்றில் ஒரு பங்கும் என்று எழுதவேண்டும். நில அளவையாளரை அழைத்துப் பேர்ச்சுக் கணக்கிற் கேட்டாலும், நூற்றறுபது பேர்ச் மூன்றாற் பிரிபடாது. அந்த மூன்றில் ஒன்று எல்லை வேலியில் வந்து முடியும். வேலி வழக்கில் வந்து முடியும். கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று உறுதிகளில் வரும் பின்னங்களைப் படித்தவர்கள், ஓர் எண் எத்தனை வகையாகப் பிரிபடும் என்பது வெறும் ஏட்டு வித்தை அன்று என்பதனை ஒப்புக்கொள்வார்கள்.

பதினாறுக்கு 1, 2, 4, 8, 16 என ஐந்தே காரணிகள். அதனிலும் சிறிய பன்னிரண்டுக்கோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உள்ளன. ஆகவே பங்கிடுவதற்குப் பதினாறைவிடப் பன்னிரண்டு வாய்ப்பானது. நூற்றுக்கு ஒன்பது காரணிகள். நூற்றைவிட எவ்வளவோ குறைந்த அறுபதுக்குப் பன்னிரண்டு காரணிகள். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்ததும், ஆண்டுகளை அறுபதாகச் சுற்றவிட்டதும், பாபிலோனியர் அறுபதை அடியாகக்கொண்டு கணித்ததும், வட்டம் முந்நூற்றறுபது பாகையாக நிற்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. மணிக்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் நாம் இக்குணத்தின் பயனை நுகர்கின்றோம். அரை மணி, கால் மணி என்பவை மாத்திரமன்றி, மணியில் மூன்றிலொன்றும் ஐந்திலொன்றும் ஆறிலொன்றும் முழு நிமிடங்களாகவே வருகின்றன.

காரணிகளைக் கொண்டு எண்களை இனம் பிரிப்பது மிகப் பழைய வழக்கம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறொன்றாலும் பிரிபடாதது முதன்மை எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகியன அக்குலத்தவை. அவ்வாறன்றிப் பிரிபடுவது சேர்த்தி எண். கி.பி. 100ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கசு என்னும் கிரேக்கர் இன்னொரு வகுப்பையும் விளக்கினார். ஓர் எண்ணின் காரணிகளை, அவ்வெண்ணை நீக்கிக் கூட்டிப் பார்க்கவேண்டும். 6ஐ எடுத்தால் 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஆறாகவே வருகின்றது, இது நிறைவெண். 28உம் அத்தகையதே. 8ஐ எடுத்தால் ஏழுதான் வருகின்றது, இது குறையெண். 12ஐ எடுத்தால் பதினாறு வருகின்றது, இது மிகையெண். குறையெண்ணை ஒற்றைக் கண்ணுடைய விலங்குக்கும், மிகையெண்ணை உறுப்புகள் வேண்டியதற்கு மேல் அமைந்த விலங்குக்கும் அவர் உவமை கூறினார்.

பிளேற்றோவும் இவ்விடயத்திற் கருத்துச் செலுத்தியவர். தமது முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ என்னும் நூலில், ஒரு நல்ல நகரத்தின் நிலத்தை 5040 பங்காக வகுத்து, பங்குக்கு ஒரு குடியாக அமைக்கவேண்டும் என்கிறார். ஏன் 5040? அவ்வெண் ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் பிரிபடும். தன்னை நீக்கி ஐம்பத்தொன்பது காரணிகளை உடையது. வரி வாங்கவும், படை திரட்டவும், காணி பகிரவும் இடையூறின்றி அமையும் என்பது அவர் எண்ணம். யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளைக் கண்டிருப்பாராயின் இன்னும் வற்புறுத்திச் சொல்லியிருப்பார் போலும்! இந்த 5040ஐ வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். கதையில் அது மீண்டும் வரும்.

இனி இராமானுஜனிடம் செல்வோம். 1887 டிசெம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவரைப்பற்றி அறியாத தமிழ் மாணவர் இலர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரியில் உதவிப் பணத்தை இழந்தார், பரீட்சையிலும் தவறினார். தாளின் விலைக்கு அஞ்சிச் சிலேற்றில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் கொப்பியிற் பதிந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் ஆனார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவருடைய வாழ்வை மாற்றியது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். அடுத்த ஆண்டு, இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அக்கட்டுரையின் பொருள்தான் நமது இன்றைய பொருள்.

தனக்கு முன்னுள்ள எந்த எண்ணையும்விடக் கூடுதலான காரணிகளையுடைய எண்ணை அவர் தனி இனமாக வகுத்தார். அதனை நாம் ‘உயர் சேர்த்தி எண்’ என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவ்வரிசை செல்கின்றது. முதன்மை எண்கள் பிரிபட மறுப்பதில் உறுதியானவை. இவையோ பிரிபட்டுக் கொடுப்பதில் உறுதியானவை. ஈயாதாரும் வள்ளல்களும் போல இவ்விரு குலங்களும் எதிரெதிரே நிற்கின்றன.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்கு எளிய வழி உண்டு. எண்ணை முதன்மை எண்களாக உடைக்கவேண்டும். 12 என்பது 2ஐ இரு முறையும் 3ஐ ஒரு முறையும் பெருக்க வருவது. அந்த இரண்டோடும் ஒன்றோடும் தனித்தனி ஒன்றைக் கூட்டினால் மூன்றும் இரண்டும் ஆகும். அவற்றைப் பெருக்க ஆறு. பன்னிரண்டின் காரணிகள் ஆறே. இவ்விதி எத்துணைப் பெரிய எண்ணுக்கும் பொருந்தும். ஓர் உயர் சேர்த்தி எண்ணை உடைத்துப் பார்த்தால், 2 முதலாக முதன்மை எண்கள் இடைவெளியின்றி வரும். சிறிய முதன்மை எண் வரும் முறை அதற்குப் பெரியது வரும் முறையினின்றும் குறையாது. கடைசி முதன்மை எண் ஒரே ஒரு முறைதான் வரும். இக்கடைசி விதிக்கு 4, 36 என்னும் இரண்டே விலக்குகள். இவற்றையெல்லாம் இராமானுஜன் நிறுவினார். பரீட்சையில் தவறிய அந்த இளைஞருக்கு, 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை இவ்வாராய்ச்சிக்காகவே பட்டம் வழங்கியது.

ஆயினும் அக்கட்டுரை முழுமையாக வெளிவந்ததன்று. முதலாம் உலகப் போர்க் காலம் அது. சங்கத்திடம் போதிய பணம் இல்லை. ஆகவே கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமலே நின்றது. இராமானுஜன் 1920 ஏப்ரில் 26ஆம் நாள் தமது முப்பத்திரண்டாவது வயதில் மறைந்தார். விடுபட்ட பகுதியின் கையெழுத்துப் பிரதி 1988இல் அப்படியே படியெடுக்கப்பட்டு நூலொன்றில் வெளிவந்தது. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர்களான நிக்கொலா, உரோபன் ஆகிய இருவரும் குறிப்புகள் சேர்த்து 1997இல் அதனை முறையாக வெளியிட்டனர். எண்பத்திரண்டு ஆண்டுகள் காத்துக்கிடந்த பக்கங்கள் அவை.

1997 என்று எழுதும்போது எமது பேனா சிறிது தயங்குகின்றது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் மழையிலும் இருளிலும் நடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது நாம் பள்ளி மாணவராயிருந்தோம். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் வீடு திரும்பினோம். வீடு இருந்தது, புத்தகங்கள் இல்லை. அதற்கு முன்னரும் பின்னரும் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தலில் திரியிட்டு, மண்ணெண்ணெயைத் துளித் துளியாக எண்ணிப் படித்தோம். மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி ஊரார் வானொலி கேட்ட காலம் அது. கணிப்பான் வைத்திருந்தவனுக்கும் அதற்கு உயிர் கொடுக்க வழியில்லை. ஆகவே கையாற் கணக்குச் செய்தோம். எழுதிய தாளின் பின்புறத்தில் எழுதினோம். அதுவும் நிறைந்தால் பென்சிலால் எழுதியதன் மேற் பேனாவால் எழுதினோம். அக்காலத்தை நாம் புகழவில்லை. அவ்வாறான ஒரு காலம் எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. ஆயினும் போரினால் தாள் இல்லாமற் போன ஒரு கட்டுரையின் கதையைக் கேட்கும்போது, அது கேம்பிரிட்ஜில் நிகழ்ந்ததாகத் தோன்றாமல் அடுத்த வளவில் நிகழ்ந்ததாகவே எமக்குத் தோன்றுகின்றது.

கணிதம் இக்குடாநாட்டுக்குப் புதிய விருந்தாளி அன்று. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்தவர்கள் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். அவர்களுள் விசுவநாதபிள்ளை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கியவர். அம்மரபில் வந்த நாம் கணிதத்தைக் கற்பிக்கும் முறை என்ன? பாடநூலில் உள்ளது சரி. விடைத்தாளில் உள்ளது சரி. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது சரி. சரியானதைப் படியெடுத்து, பரீட்சை மண்டபத்தில் மீண்டும் படியெடுப்பதே கல்வி என்று ஆகிவிட்டது. இந்த நோய்க்கு மருந்தாக ஒரு காரியம் செய்து பார்க்க எண்ணினோம்.

இராமானுஜன் தமது கட்டுரையில் உயர் சேர்த்தி எண்களின் அட்டவணை ஒன்றைத் தந்திருக்கிறார். ஒவ்வோர் எண்ணும், அதன் காரணிகளின் தொகையும், அது முதன்மை எண்களாக உடையும் வகையும் அதில் உள்ளன. இயந்திரத்தின் துணை சிறிதும் இன்றி, கையாலும் கருத்தாலும் ஆக்கிய அட்டவணை. அதன் கடைசி எண் 6,746,328,388,800. இவ்வட்டவணையின் இறுதிப் பகுதியைப் படியெடுத்து உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கொடுத்தோம். “இவற்றைச் சரிபார்த்து வாருங்கள்” என்று மாத்திரம் சொன்னோம். அதில் ஓர் எண் விடுபட்டுள்ளது என்பதனைக் கணித உலகம் அறியும், நாமும் அறிவோம். ஆனால் அதனை மாணவர்க்கு உரைக்கவில்லை.

மறுநாள் எல்லாரும் “சரி” என்று எழுதி வந்தனர். இராமானுஜனுடையது பிழைக்குமோ என்பது அவர்கள் துணிவு. சரிபார்த்தவர் எத்தனை பேர், சரியென்று எழுதியவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கவில்லை.

நான்காம் நாள் மாலை, வகுப்பு முடிந்து யாவரும் சென்ற பின் ஒரு மாணவன் நின்றான். பேச்சுக் குறைந்தவன். முதலாந் தவணையிற் புள்ளிகள் குறைந்தமையால், கணிதப் பிரிவை விட்டுவிடும்படி வீட்டார் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. வெளிநாட்டிலுள்ள மாமனார் ஒருவர் அழைப்பதாகவும் பேச்சு இருந்தது. அவன் கொப்பியை நீட்டினான். ஒரு பக்கத்தின் நடுவில் தாள் மெலிந்து போயிருந்தது. எழுதியும் அழித்தும் எழுதியும் அழித்தும் தேய்ந்த இடம்.

“சேர், என்னிலைதான் பிழை எண்டு நினைச்சு மூண்டு தரம் அழிச்சனான். திரும்பவும் அப்பிடித்தான் வருது.”

“என்ன வருகிறது, தம்பி?”

அவன் செய்த வழியை வாசகர்கள் பொறுமையோடு கேட்கவேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய வழி அது. அட்டவணையின் கடைசி எண் 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்க வருவது. அதன் காரணிகள் 10,080. அவன் அதிலிருந்து 23ஐ எடுத்துவிட்டான். ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, “கடைசியிலை நிக்கிறதைக் கழட்டினால் என்ன மிஞ்சும் எண்டு பாத்தனான்” என்றான். மிஞ்சியது 293,318,625,600. அதன் காரணிகளை விதிப்படி கணித்தான். ஏழையும் ஐந்தையும் மூன்றையும் மூன்றையும் பெருக்கி, இரண்டால் நான்கு முறை பெருக்கினான். வந்தது 5040.

பிளேற்றோவின் 5040!

அட்டவணையில் 240,940,299,600 என்னும் எண்ணுக்கு 4800 காரணிகள் என்றும், அதற்கு அடுத்ததாக 321,253,732,800 என்னும் எண்ணுக்கு 5376 காரணிகள் என்றும் இருந்தது. இவை இரண்டுக்கும் இடையில் உயர் சேர்த்தி எண் ஒன்றும் இல்லை என்பது அட்டவணையின் கூற்று. ஆனால் மாணவன் கண்ட எண் அவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது. முன்னதைவிட 240 காரணிகள் கூடுதலாகவும் உடையது. முன்னதற்குப் பின் காரணிகள் ஏறாமலே சென்று, 321,253,732,800ஐ அடைந்தபோதுதான் ஏறின என்றால், நடுவில் 5040 எங்ஙனம் வந்தது? ஆகவே அவ்விடையில் உயர் சேர்த்தி எண் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அவன் கண்டதே அவ்வெண்ணாயினும் ஆகும். அதற்கும் முன்னே வேறொன்று இருப்பினும் இருக்கும். எப்படியாயினும் அட்டவணை முழுமையானதன்று. இவ்வளவையும் அவன் ஒரு பக்கத்தில், யாருடைய துணையுமின்றி எழுதியிருந்தான். உண்மையில் அவன் கண்டதே விடுபட்ட எண்.

“இராமானுஜன் பிழை விடுவாரோ, சேர்?” என்று கேட்டான். அவனுடைய குரலில் மகிழ்ச்சி இல்லை, அச்சம் இருந்தது. கோயில் மதிலில் வெடிப்பைக் கண்ட பிள்ளையின் குரல் அது.

அவனுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறோம். இராமானுஜன் நிறுவிய தேற்றங்களுள் ஒன்றும் இதனால் அசையவில்லை. அவர் வகுத்த இலக்கணம் இவ்வெண்ணுக்கு முழுவதும் பொருந்துகின்றது. அட்டவணையில் ஓர் வரி விடுபட்டது, அவ்வளவே. அந்த வரி விடுபட்டது என்று சொல்ல நமக்கு ஆற்றலைத் தந்தவரும் அவரே. அவர் கொடுத்த விதியினாலன்றோ மாணவன் அதனைக் கண்டான்? கணிதத்தில் பெரியோரை வணங்கும் முறை அவர்கள் சொன்னதைச் சரிபார்ப்பதாகும். சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்வது பக்தி போலத் தோன்றும். உண்மையில் அது சோம்பல்.

இனி அவ்வெண்ணின் குணங்களைச் சிறிது பார்ப்போம். 1 முதல் 22 வரையுள்ள எந்த எண்ணாலும் அது மீதியின்றிப் பிரிபடும். முதன்முதலில் மறுப்பது 23க்குத்தான். அவ்விருபத்து மூன்றையும் சேர்த்துக்கொண்டால் அதுவே அட்டவணையின் கடைசி எண்ணாகிவிடுகின்றது. நடுவில் விடுபட்டவர் வேறு உடையணிந்து கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தது போல இது இல்லையா?

இன்னும் ஒன்று. ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் பிரிபடும் எண்களுள் மிகச் சிறியது 2520. பிளேற்றோவின் எண்ணிற் சரிபாதி. இந்த 2520ஐ 2520ஆற் பெருக்கி, வருவதை 11, 13, 17, 19 ஆகிய நான்கினாலும் பெருக்கினால் நமது எண் வந்துவிடும். தாளும் பென்சிலும் உள்ளவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

நிக்கோமாக்கசின் வகுப்பில் இது எங்கே சேரும்? தன்னை நீக்கி ஏனைய காரணிகளையெல்லாம் கூட்டினால் 1,348,924,389,120 வருகின்றது. எண்ணின் நான்கரை மடங்குக்கும் மேல். ஆகவே இது மிகையெண்களுள்ளும் மிகையானது. நாசிக்குக்கு அண்மையிலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்து எண்களோடு விளையாடியே புகழ்பெற்ற கப்ரேகர், தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையாற் பிரிபடும் எண்ணுக்கு ‘ஹர்ஷத எண்’, அதாவது மகிழ்ச்சி தரும் எண், என்று பெயரிட்டார். நமது எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45. நாற்பத்தைந்தாலும் அது பிரிபடுகின்றது. ஆகவே கப்ரேகரின் மகிழ்ச்சிக் கூட்டத்திலும் அதற்கு இடமுண்டு. ஓர் ஆசிரியர் இட்ட பெயர் இது என்பதில் எமக்கும் சிறிது மகிழ்ச்சி.

இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உளர். இவ்வெண்ணைக் கொண்டு எவரும் அரிசி வாங்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் இளைஞர்களுக்கு இன்று வேண்டிய ஒன்றை இது தருகின்றது. கணிப்பொறியில் ஒரு வினாவை இட்டால் விடை கணத்தில் வருகின்ற காலம் இது. வந்த விடை சரியோ பிழையோ என்று பார்க்கும் பழக்கம் இல்லாதவனுக்கு அவ்விடை பாதி நன்மை, பாதி ஆபத்து. அச்சில் வந்தது, பெரியவர் சொன்னார், பலர் நம்புகின்றனர் என்பன உண்மைக்குச் சான்றாகா. தானே செய்து பார்த்து, தன்னிலே பிழையுண்டோ என்று முதலில் ஐயுற்று, மூன்று முறை அழித்து எழுதி, நான்காம் முறையும் அதுவே வந்தபோது அச்சத்தோடாயினும் எழுந்து நின்று சொல்வது கல்வியின் முதிர்ந்த பயன். முன்பின் பாராமல் பெரியோரைப் பழிப்பது வேறு. பணிவோடு சரிபார்ப்பது வேறு. முன்னதற்கு உழைப்பு வேண்டாம். பின்னதற்கு ஒரு பக்கத் தாள் தேயும்வரை உழைப்பு வேண்டும்.

அம்மாணவனுடைய தந்தையாரைப் பின்னர் ஒரு நாள் கண்டு பேசினோம். புள்ளிகள் குறைந்தது மெய், அதனை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தேய்ந்த பக்கத்தையும் காட்டினோம். அவர் கணிதம் கற்றவர் அல்லர்; தோட்டஞ் செய்பவர். எண்களைப் பார்க்காமல் தாளின் தேய்வையே நெடுநேரம் பார்த்தார். “மூண்டு தரம் அழிச்சவனோ?” என்று மாத்திரம் கேட்டார். பையன் கணிதப் பிரிவிலேயே இருக்கிறான். பரீட்சை வர இன்னும் மாதங்கள் உள்ளன. பெறுபேறு எப்படி அமையும் என்று சொல்ல நாம் சோதிடர் அல்லேம்.

வாசகர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்யத்தக்க ஒரு சிறு கணக்கோடு முடிக்கின்றோம். நூற்றுக்குட்பட்ட எண்களுள் மிகக் கூடுதலான காரணிகளை உடையவை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு காரணிகள். அவற்றுள் எல்லாவற்றுக்கும் முன்னே வருவது நமக்குப் பழக்கமான அறுபது. ஆகவே உயர் சேர்த்தி எண் என்னும் பெயர் அதற்கே உரியது. ஏனைய நான்கையும் பிள்ளைகள் தேடட்டும். அவர்கள் கொண்டுவரும் விடையைப் பெற்றோர் உடனே சரியென்றோ பிழையென்றோ சொல்லிவிடலாகாது, “எப்படிக் கண்டாய்?” என்று கேட்கவேண்டும்.